கணையப் புற்றுநோய்: கீமோவா, இம்யூனோவா, வைரஸோடு சேர்த்தா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா போன வாரம் கூப்பிட்டார். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்குக் கணையத்துல கட்டி. ஈரல்லயும் ரெண்டு இடத்துல இருக்காம். டாக்டர் கீமோ போடச் சொல்லுதாவ. பெங்களூர்ல இருக்க மவன், அதெல்லாம் பழசு, இப்போ வைரஸ் ஊசி வந்திருக்கு, கீமோ, இம்யூனோ, வைரஸ் மூணையும் சேத்துப் போட்டாத்தான் நிக்கும்னு சொல்லுதான். நாங்க எதைச் செய்ய?"

நான் டாக்டர் இல்லை. என் சித்தப்பாவுக்கு இதே நோய் வந்தபோது பதினான்கு மாதம் கூடவே ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தவன். கண் மஞ்சளானதும் வெறும் காமாலைதான் என்று ஐந்து வாரம் கீழாநெல்லி குடித்தார். வலி இல்லை, ஆனால் உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப் போயிருந்தது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு இந்த நோய் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து, தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு உட்கார்ந்து விளக்குவது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி கணையத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை. ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பு வரும். வந்தால் அறுவையும், அதையொட்டி கீமோவும்தான் வழி. நன்கு அனுபவமுள்ள இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள். நான் எழுதுவது, நோய் பரவிவிட்டது அல்லது எடுக்க முடியாது என்ற சொல்லைக் கேட்டுத் திகைத்து நிற்கும் மற்ற நால்வருக்காக.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆயுள் கூடியதா என்பது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் புதிய மருந்தும் இன்னொன்றுக்குப் பழையதும் கொடுத்துப் பார்த்தார்களா? அப்படிப் பார்த்ததில் எத்தனை மாதம் கூடியது? 'கட்டி பாதியாகச் சுருங்கியது' என்ற செய்தி இதற்கு ஈடாகாது. கட்டி சுருங்கியும் ஆயுள் கூடாமல் போன மருந்துகள் பல உண்டு.

இரண்டாவது, உடம்பின் தெம்பு. தன் துணியைத் தானே துவைத்து, தெருமுனை டீக்கடை வரை நடந்து போய்த் திரும்புகிறவரா? பகலில் பாதி நேரம் கட்டிலில் கிடப்பவரா? எந்த மருந்து என்பதை வயதைவிட இதுதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, எத்தனை நாளில் தொடங்கலாம் என்பது. இந்த நோய் காத்திருக்காது. நான்காவது, போக்குவரத்து. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போவதும், நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ராத்திரி முழுக்கச் சென்னைக்குப் போவதும் நோயாளிக்கு ஒன்றில்லை. ஐந்தாவது பணம். பில்லில் வரும் பணத்தைவிட, பில்லில் வராத பணத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

## கீமோ மட்டும்

பரவிய கணையப் புற்றுக்கு முக்கியமாக இரண்டு கூட்டு மருந்துகள் இருக்கின்றன.

ஒன்று ஃபோல்ஃபிரினாக்ஸ். நான்கு மருந்து சேர்ந்தது. 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 342 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதைய வழக்கமான கீமோ மருந்தான ஜெம்சிடபைன் மட்டும் எடுத்தவர்களின் நடு ஆயுள் 6.8 மாதம், ஃபோல்ஃபிரினாக்ஸ் எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். நடு ஆயுள் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள், பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள் என்று பொருள். உங்கள் வீட்டு ஆளுக்கு எழுதிவைத்த தேதி என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று ஜெம்சிடபைனோடு நாப்-பாக்லிடாக்செல். 2013-ல் 861 பேரிடம் செய்த ஆய்வில் 6.7 மாதம் 8.5 ஆனது. இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்து '11 பெரிதா 8 பெரிதா' என்று பார்க்கக் கூடாது. பிரெஞ்சு ஆய்வில் 75 வயதுக்கு மேல் யாரையும் சேர்க்கவில்லை, நல்ல தெம்புள்ளவர்களை மட்டுமே எடுத்தார்கள்.

நம் ஊர் ஆளுக்கு இந்த இரண்டிலும் எது என்பதில் அலைச்சலும் சேர்ந்து வருகிறது. ஃபோல்ஃபிரினாக்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஆனால் அதில் ஒரு மருந்து 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். நெஞ்சில் போர்ட் (மருந்து இறக்கத் தோலுக்கடியில் பதிக்கும் சின்னக் கருவி) வைக்க வேண்டும். பிறகு இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், இல்லையென்றால் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மறுபடி போய்க் கழற்ற வேண்டும். நாப்-பாக்லிடாக்செல் கூட்டு, மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு நாள், நான்காவது வாரம் ஓய்வு. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். தென்காசியிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

மறைவான செலவுகளில் நான் முதலில் வைப்பது விரல். ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டினும் சரி, நாப்-பாக்லிடாக்செலும் சரி, விரல் நுனி நரம்பை மரத்துப்போகச் செய்யும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற அக்காவுக்கோ, பத்தமடையில் பாய் நெய்கிறவருக்கோ அது வருமானத்தையே நிறுத்திவிடும். தொடங்கும்போதே 'என் தொழில் இது' என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மரப்பு தெரிந்ததும் அளவைக் குறைக்க வழி இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட சில நாள் குளிர்ச்சி ஆகவே ஆகாது. பிரிட்ஜ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கும், பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் ஊசி குத்தும். சாரல் காலத்தில் குற்றால அருவிப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.

இரண்டாவது, ராத்திரிக் காய்ச்சல். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் 100.4 டிகிரி வந்தால் பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகைக் காருக்கும், அணு ஏற்றும் ஊசிக்கும் கையில் தனியாகப் பணம் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்து அதற்குள் வரும், எது வராது என்பதைச் சேரும் அன்றே வார்டில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

## இம்யூனோ மட்டும்

புற்றணுக்கள் நம் எதிர்ப்பு அணுக்களுக்கு ஒரு பிரேக் போட்டு வைத்திருக்கும். அதை எடுத்துவிடும் மருந்துகளைத்தான் இம்யூனோ என்கிறோம். அந்தப் பிரேக்கை எடுத்துப் புற்றுக்கு வைத்தியம் செய்யலாம் என்று கண்டுபிடித்த விஞ்ஞானிகள் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரல் புற்றிலும், மெலனோமா என்ற தோல் புற்றிலும் இந்த மருந்துகள் பலருக்கு வாழ்வு கொடுத்திருக்கின்றன. அதைக் கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் கணையத்துக்கும் கேட்கிறார்கள்.

கணையம் வேறு. இந்தக் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக மூடியிருக்கும். எதிர்ப்பு அணுக்கள் உள்ளே போவதே அபூர்வம். வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன செய்ய? கனடாவில் 180 பேரிடம், ஜெம்சிடபைன், நாப்-பாக்லிடாக்செலோடு இரண்டு இம்யூனோ மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 8.8 மாதம் 9.8 ஆனது. அந்த ஒரு மாதம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதுதான் கணக்கின் முடிவு.

ஒரே ஒரு கூட்டத்துக்கு இது உண்மையிலேயே பலன் தரலாம். மரபணுப் பிழையைத் திருத்தும் வேலை கட்டியில் கெட்டுப்போயிருப்பவர்கள் அவர்கள். ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ-ஹை என்று வரும். அமெரிக்காவில் 2017-லேயே, எந்த உறுப்பில் இருந்தாலும் இந்த வகைக் கட்டிக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோ மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். கணையப் புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இப்படி இருப்பார்கள். நூற்றில் ஒருவர் என்றாலும், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம். அதனால் பயாப்ஸி (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கும்போதே சொல்லிவையுங்கள்: ஊசியில் நாலு செல் மட்டும் எடுத்தால் இந்தப் பரிசோதனைக்குப் போதாமல் போய்விடும், திசுத் துண்டாக எடுக்க முடியுமா என்று. கூடவே ரத்தத்தில் பிஆர்சிஏ மரபணுவும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பிழை இருந்தால் ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோ நன்றாகக் கேட்கும், பின்னால் ஒலாபரிப் மாத்திரைக்கும் வழி உண்டு.

பரிசோதனை இல்லாமல், 'எதற்கும் இம்யூனோ ஒண்ணு போட்டுப் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் வயலை ஒத்திக்கு வைக்காதீர்கள். ஒரு தவணைக்கே லட்சங்களில் போகும். இன்னொரு சிக்கல், இந்த மருந்து குடலைப் புண்ணாக்கி வயிற்றுப்போக்கு உண்டாக்கும். கணைய நோயாளிக்கு ஏற்கெனவே சாப்பாட்டைச் செரிக்கும் நொதி சுரக்காமல் எண்ணெய் எண்ணெயாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு வாரம் விட்டால் ஆபத்து.

## கீமோவோடு வைரஸ், தேவைப்பட்டால் இம்யூனோவும்

வைரஸ் பற்றி அந்த அம்மாவின் மகன் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆய்வுலகில் இதில் நிஜமாகவே எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் இதை நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது.

நல்ல செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால், அந்தச் செல் ஊரைக் கூட்டி வைரஸ் பெருகாமல் தடுத்துவிடும். புற்றுச் செல்களில் பலவற்றுக்கு அந்தத் தடுப்பு பலவீனம். அதனால் இதற்கென்று தேர்ந்தெடுத்த அல்லது மாற்றிய வைரஸ், புற்றுச் செல்லுக்குள் பெருகி அதை வெடிக்கவைக்கும். சிதறிய துண்டுகள் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டும். யாரும் எட்டிப் பார்க்காத கட்டிக்குள் அணுக்கள் வரத் தொடங்கும். அப்போது இம்யூனோ மருந்தால் பிரேக்கை எடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்கும். கீமோ கட்டியின் பாரத்தைக் குறைக்கும். மூன்றையும் சேர்க்கிறார்கள் என்பதன் பின்னால் உள்ள யோசனை இதுதான், நல்ல யோசனை.

இதுவரை கிடைத்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். ஸ்வீடனில் உருவான லோட்703 என்ற வைரஸை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேராகக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தி, கூட ஜெம்சிடபைன், நாப்-பாக்லிடாக்செல் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்ற 18 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஜெர்மனியில் பெலாரியோரெப் என்ற வைரஸோடு அதே கீமோவும் அடெசோலிசுமாப் என்ற இம்யூனோவும் சேர்த்ததில் 13 பேரில் 8 பேருக்குச் சுருங்கியது. கீமோ மட்டும் கொடுத்த 2013 ஆய்வில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் அப்படி ஆனது என்பதால் இது மனசைத் தூக்கும். ஆனால் இரண்டுமே சின்னக் கூட்டம், ஒப்பிடும் கூட்டம் இல்லை. மூன்றாவது ஸ்பெயினில் உருவான விசிஎன்-01. இது குலுக்கல் முறையில் பார்த்தது, நூறு பேர் அளவு. ரத்த நாளம் வழியாக வைரஸ் செலுத்திக் கீமோ கொடுத்தவர்களுக்கு நடு ஆயுள் 10.8 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 8.6. இது 2025-ல் வந்த செய்தி. இதைப் பெரிய ஆய்வில் மறுபடி காட்ட வேண்டும்.

ஏன் மறுபடி காட்ட வேண்டும்? விசிஎன்-01 தன்னோடு ஒரு நொதியையும் சுமந்துபோய் நார்த்திசுவைக் கரைக்கிறது. அதே வகை நொதியை முன்பு மருந்தாகவே தயாரித்துக் கீமோவோடு கொடுத்தார்கள். இரண்டாம் கட்ட ஆய்வில் நல்ல அறிகுறி தெரிந்தது. 2019-ல் பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது 11.2 மாதம், 11.5 மாதம் என்று இரண்டு கூட்டமும் ஒன்றாகவே நின்றன. பெலாரியோரெப்பும் அப்படித்தான். வேறொரு கீமோவோடு 73 பேரிடம் குலுக்கல் முறையில் பார்த்தபோது பலன் தெரியவில்லை. மெலனோமாவுக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக் வைரஸைக்கூட பெம்ப்ரோலிசுமாப்போடு சேர்த்த பெரிய ஆய்வில், சேர்க்காததைவிட மேலாக அமையவில்லை. சேர்த்தால் கூடும் என்பது ஒவ்வொரு தடவையும் நடப்பதில்லை.

கணையப் புற்றுக்கு அனுமதி பெற்ற வைரஸ் மருந்து எந்த நாட்டிலும் கடையில் கிடையாது. ஆகவே இது பதிவுபெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே உள்ள வழி. சோதனையில் வைரஸ் மருந்து இலவசம். அதனால் கேடு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று நம் நாட்டில் 2019 விதிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் வைரஸ் ஊசி போடுகிறோம் என்று எந்த ஊரிலிருந்து யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். லாட்வியாவில் ரிக்விர் என்ற வைரஸ் மருந்து 2004 முதல் பதிவில் இருந்தது, வெளிநாட்டு நோயாளிகள் தேடிப்போய்ப் பணம் கொடுத்தார்கள். 2019-ல் சோதித்தபோது குப்பியில் சொன்ன அளவு வைரஸே இல்லை என்று தெரிந்து விநியோகத்தை நிறுத்தினார்கள்.

இதன் மறைவான செலவு உடம்பிலும் வீட்டிலும் இருக்கிறது. வைரஸ் போட்டால் காய்ச்சலும் குளிரும் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கீமோவால் அணு குறைந்த நாளிலும் காய்ச்சல் வரும், அது உயிருக்கு ஆபத்து. எது எது என்று அந்த ராத்திரியில் பிரித்துச் சொல்ல, சோதனை நடத்துகிற ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டிக்குள் போடும் ஊசி என்றால் ஒவ்வொரு தடவையும் எண்டோஸ்கோப்பி அல்லது ஸ்கேன் பார்த்துச் செலுத்துவது. உயிருள்ள வைரஸ் என்பதால் வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பமாக இருக்கும் மருமகளோ இருந்தால் முன்னெச்சரிக்கை கேட்பார்கள். இந்த மருந்துகளில் பலவும் சளி வகை வைரஸ்களிலிருந்து வந்தவை. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அவற்றுக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருப்பதால் ரத்த நாளத்தில் போகும் வைரஸில் ஒரு பங்கு வழியிலேயே அழியும். ஜெம்சிடபைனேகூடச் சில வைரஸ்கள் பெருகுவதைத் தடுக்கலாம். எதை முன்னால், எதைப் பின்னால் கொடுப்பது என்பதே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பாடம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கீமோ | இம்யூனோ | கீமோ + வைரஸ் (+ இம்யூனோ) |
|---|---|---|---|
| ஆயுள் கூடியதற்குச் சான்று | பெரிய ஆய்வுகளில் உண்டு | எம்எஸ்ஐ-ஹை வகைக்கு மட்டும் நம்பலாம் | தொடக்கநிலை, கலவையானது |
| தேவையான தெம்பு | கூட்டுக்கேற்ப மிதம் முதல் அதிகம் | மிதம் | அதிகம் |
| எங்கே கிடைக்கும் | நம் பக்கத்திலேயே | பெரிய ஆஸ்பத்திரிகளில் | சோதனை நடக்கும் இடத்தில் மட்டும் |
| கைப்பணம் | காப்பீட்டில் பெரும்பகுதி அடங்கலாம் | மிக அதிகம் | மருந்து இலவசம், தங்கலும் பயணமும் நம் தலையில் விழலாம் |
| கவனிக்க வேண்டியது | விரல் மரப்பு, அணு குறைவு | குடல், தைராய்டு, நுரையீரல் | காய்ச்சல் குழப்பம், வீட்டுக் குழந்தைகள் |

## யாருக்கு எது

இதில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தக் கூட்டுச் சோதனைகளில் பல, இதுவரை கீமோ எடுக்காதவர்களைத்தான் சேர்க்கும். கீமோ ஒரு தவணை ஏறிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தால் நோய் ஓடிவிடும். ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட் வர, காமாலைக்கு ஸ்டென்ட் (பித்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைத்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இறங்க, போர்ட் வைக்க என்று எப்படியும் பத்துப் பதினைந்து நாள் போகும். சோதனை தேட வேண்டியது அந்த நாட்களில்தான். போர்ட் தயாராகிற அன்றைக்கும் சோதனையில் இடம் உறுதியாகவில்லையென்றால் கீமோவைத் தொடங்கிவிடுங்கள்.

அதைத்தான் அந்த அம்மாவிடமும் சொன்னேன். வீட்டுக்காரர் வாய்க்கால் வரை நடந்து போகிறார், சாப்பிடுகிறார். கீமோவுக்குத் தேதி வாங்குங்கள். எம்எஸ்ஐ, பிஆர்சிஏ பார்க்கச் சொல்லுங்கள். மகனைத் திட்டாதீர்கள், அவனிடம் ஒரு வேலை கொடுங்கள்: இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, 2009 முதல் எல்லாச் சோதனையும் அதில் பதிய வேண்டும். பதினைந்து நாளில் தேடி, திருவனந்தபுரம், வேலூர், சென்னை, மும்பை என்று போன் போட்டுக் கேட்கட்டும்.

எம்எஸ்ஐ-ஹை என்று வந்தால் இம்யூனோவுக்காகக் கடன் வாங்குவதில்கூட நியாயம் இருக்கிறது, டாக்டரிடம் உதவித் திட்டங்களையும் கேளுங்கள். தெம்பு குறைவு, பாதி நாள் படுக்கை என்றால் ஜெம்சிடபைன் மட்டும் போதும், அல்லது வலிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் வைத்தியம் போதும். அது கைவிடுவது ஆகாது. சித்தப்பாவுக்குக் கடைசி நான்கு மாதம் மார்ஃபின் மாத்திரையும், சாப்பாட்டோடு விழுங்கும் கணைய நொதிக் காப்ஸ்யூலும்தான். காப்ஸ்யூல் வந்த பிறகுதான் தேங்காய்ப்பால் சொதியை மறுபடி அவரால் சாப்பிட முடிந்தது. எந்த வழியை எடுத்தாலும் இந்தக் காப்ஸ்யூலை முதல் நாளிலேயே கேளுங்கள், பலருக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

சோதனையில் இடம் கிடைத்தால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: ஒப்பிடும் கூட்டத்தில் விழுந்தால் எனக்கு என்ன மருந்து? போக்குவரத்தும் தங்கலும் யார் தருவார்கள்? நடுவில் விலகினால் வழக்கமான கீமோ தொடருமா? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? ராத்திரி பதினோரு மணிக்குத் திருநெல்வேலியில் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது. என்ன வைரஸ், என்ன கீமோ, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எந்த ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்க வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாக வாங்குங்கள். சித்தப்பாவுக்கு அணு குறைந்து காய்ச்சல் வந்த ராத்திரி, போன இடத்தில் இவருக்கு என்ன மருந்து ஓடுகிறது என்பதே தெரியாமல் விடியும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து காப்பீட்டு அட்டையோடு ஒரே பையில் வைத்து, பை எங்கே தொங்குகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.